முள் பார்க்க ஒரு ஆள்

சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்தது. தம்பிதுரையின் கார் மட்டும் போகவில்லை. குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உடம்பெல்லாம் ஒருமுறை நடுங்கி, ஒரு கனைப்புக் கனைத்து, அணைந்துவிட்டது.

பின்னால் ஒரு டவுன் பஸ், ஒரு லாரி, தேங்காய் ஏற்றிய டெம்போ. மூன்றும் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"ஏனுங்க பெரியவரே, தூங்கறதுன்னா ஊட்டுக்குப் போய்த் தூங்கலாமுங்கல்ல?" என்று டெம்போக்காரன் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

திட்டினாலும் மரியாதையோடு திட்டுகிற ஊர். அதனால் ஒன்றும் வலி குறைந்துவிடுவதில்லை.

தம்பிதுரை பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு தட்டுத் தட்டினால் ஓடாத மெஷினே கிடையாது என்று மில்லில் பெயர். ஓய்வுக்குப் பிறகு தட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை சலூனுக்குப் போய்விடுவார். தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அங்கே பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தான், அவ்வளவுதான்.

கார் அவர் வாங்கியதல்ல, மகன் தீபக் வாங்கியது. வாங்கி ஒரு வருடம் ஆசையாக ஓட்டிவிட்டு, சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டான். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதியை மறந்துவிடுமாம். அவை மறக்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவன் இருந்தவரை நன்றாக ஓடிய கார், அவன் போன பிறகு தினமும் காலையில் இப்படி நடுங்க ஆரம்பித்தது.

"பையனைத் தேடுதோ என்னமோங்க," என்றாள் அவர் மனைவி முத்தாத்தாள்.

"காரு எங்கியாச்சும் ஆளைத் தேடுமா?" என்று அவர் எரிந்து விழுந்தார். அந்த வாரத்தில் அவர்கள் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

மாவு மில்லுக்கு அடுத்த ஷெட்டில்தான் கிருபாசங்கரின் ஒர்க்‌ஷாப். கம்ப்யூட்டர் வைத்த கார்களைப் பார்க்கத் தெரிந்தவன் என்று சொன்னார்கள். அவன் பானட்டைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டு, முத்தாத்தாள் சொன்னதையே வேறு மாதிரி சொன்னான்.

"இதுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரு ஓட்டறவங்களைப் பாத்துக் கத்துக்கும்ங்க ஐயா. எத்தன பெட்ரோல் விடறது, எத்தன காத்து விடறதுன்னு. உங்க பையன் ஓட்டுன ஓட்டுத்தான் அதுக்கு இன்னும் நெனப்புல நிக்குதாட்ட இருக்குது. அதை மறக்க வெச்சுப்போட்டு, நீங்க புதுசாக் கத்துக் குடுக்கோணும்."

"மறக்க வெக்கறதுன்னா?"

"பேட்டரி வயரைக் கழட்டிச் சித்த நேரம் உட்டாப் போதுமுங்க. பூராவும் மறந்துரும்."

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினான், டீ குடித்தான், திரும்ப மாட்டினான். தீபக் ஒரு வருடமாகச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் கார் அந்த ஒரு டீக்குள் மறந்துவிட்டதாம். தம்பிதுரைக்குக் காரணமில்லாமல் மனசு ஒரு மாதிரி ஆயிற்று.

"இனிப் பதனமா ஓட்டோணுமுங்க. லாங் ரோட்டுல ஒரே சீரா போகோணும், ஊருக்குள்ள நின்னு நின்னு போகோணும், ஏசி போட்டுக் கொஞ்சம், போடாமக் கொஞ்சம். வண்டி நிக்கறப்ப, என்ஜின் சுத்தற வேகத்தைக் காட்டற இந்த முள்ளு எட்டுல நிக்குதான்னு பாத்துட்டே இருக்கோணும். ஒருத்தர் ரோட்டைப் பாக்கோணும், ஒருத்தர் முள்ளைப் பாக்கோணும். தனியாப் போயராதீங்க."

முள் பார்க்க யாரைக் கூப்பிடுவது? தம்பிதுரை வீடு வரும் வரை யோசித்தார். மில் சிநேகிதர்களில் ஒருவர் மகளோடு பெங்களூர் போய்விட்டார், ஒருவர் படுக்கையில், ஒருவர் சுவரில் மாலையோடு. சலூன்காரன் கடையை விட்டு வரமாட்டான். இவ்வளவு பெரிய கோயமுத்தூரில் ஒரு முள்ளைப் பார்க்கத் தனக்கு ஆள் இல்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தது ரொம்ப வலித்தது.

அதனால் வீறாப்பாகத் தனியாகவே கிளம்பினார். திருச்சி ரோட்டில் ஒரு கண்ணால் ரோட்டையும் ஒரு கண்ணால் முள்ளையும் பார்த்தார். முள் சரியாக எட்டில் நின்ற அந்த ஆனந்தமான விநாடியில் கார் ஒரு இளநீர்க் குவியலில் போய் முட்டியது. இளநீர்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் உருண்டு ஓடின. போலீஸ்காரர் ஒருவர், கடைக்காரர், இரண்டு ஸ்கூட்டர்காரர்களோடு தம்பிதுரையும் குனிந்து குனிந்து பொறுக்கினார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அம்முணி, நாளைக்குக் காலைல உனக்குச் சோலி ஏதாச்சும் இருக்குதா?"

முத்தாத்தாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தீபக் போன பிறகு அந்த வீட்டில் அதிகமாகப் பேசுவது பிரிட்ஜ்தான். அதுவும் இரவில் நின்றுபோகும், ஏனென்றால் தம்பிதுரை அதை அணைத்துவிடுவார். 'சோறு போடட்டுங்களா', 'ம்', 'படுக்கறீங்களா', 'ம்' என்று நாலு வார்த்தையில் பொழுது விடிந்து அடைந்துகொண்டிருந்தது.

"எனக்கென்னங்க சோலி," என்றாள்.

மறுநாள் காலை அவள் பழக்கப்படி பின் கதவைத் திறந்தாள். "முன்னால உக்காரு. முள்ளு முன்னாலதான் இருக்குது," என்றார் அவர். முன் சீட்டில் உட்காருவது அவளுக்கு முதல் தடவை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் முள்ளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒம்போதுக்குப் போயிருச்சுங்க... எறங்குதுங்க... எட்டுங்க... ஏனுங்க, ஏழுங்க! ஏழுங்க!"

"கத்தாதே, நாந்தான் ஓட்டறேன்ல?"

மேட்டுப்பாளையம் ரோட்டில் போனால் சீராக ஓட்டலாம் என்று காரமடை வரை போனார்கள். போனதுதான் போனோம் என்று ரங்கநாதரையும் பார்த்தார்கள். திரும்பி வரும்போது நடுக்கம் குறைந்து, கார் தேர்ந்த பிள்ளையாக ஓடியது. முத்தாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "படிச்சுருச்சுங்க!" என்றாள். தம்பிதுரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று படுக்கப் போகும் முன் அவர் வழக்கம்போல் வீட்டைச் சுற்றி வந்தார். டிவி பிளக்கைப் பிடுங்கினார், கேஸை மூடினார், பிரிட்ஜை அணைத்தார், மோட்டார் மெயினை இறக்கினார், போர்ட்டிகோவுக்குப் போய்க் கார் பேட்டரி வயரைக் கழற்றி வைத்தார். ஓடாத நேரத்தில் எதற்கும் கரண்ட் இருக்கக் கூடாது என்பது மில் பழக்கம். கார் சாவி அவர் கைக்கு வந்த நாளிலிருந்து அதற்கும் அதே வைத்தியம். படிக்கிற உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். அவருக்கு விளங்கவில்லை. பல் தேய்ப்பதை யாராவது யோசித்துக்கொண்டா செய்கிறார்கள்?

காலையில் எழுந்து வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். கார் பழையபடி நடுங்கியது. டேஷ்போர்டுக் கடிகாரம் வழக்கம்போல் ஒரு மணி என்று காட்டியது. அதுவும் கெட்டுப்போன கடிகாரம் என்று அவர் தினமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திவைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்துப் படிச்சதை மறந்துபோச்சுங்க," என்றாள் முத்தாத்தாள் கவலையாக. ஆனால் கவலைப்பட்டுக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

கிருபாசங்கர் பிளக்குகளைத் துடைத்துக் கொடுத்தான். அன்று பேரூர் போனார்கள். அடுத்த நாள் நடுங்கியது. பெட்ரோலில் தண்ணீர் இருக்கும் என்று டேங்கையே காலி செய்து கழுவினான். அன்று உக்கடம் பெரிய குளத்துக் கரையில் ஏசி போட்டு நின்று முள் பார்த்தார்கள். அடுத்த நாள் இன்னும் மோசமாக நடுங்கியது, டேங்கைக் கழுவியதில் கிளம்பிய தூசி உள்ளே போய் அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தால் ஏதோ ஒரு குழாய் உடைந்தது. குழாயை மாற்றினால் ஏசி நின்றது.

கடைசியில் முத்தாத்தாள் தன் வைத்தியத்தை ஆரம்பித்தாள். "கண்ணு பட்டிருக்குதுங்க," என்று உப்பும் மிளகாயும் எடுத்துக் காரை மூன்று சுற்றுச் சுற்றி, பானட்டுக்குப் பக்கத்திலேயே நெருப்பில் போட்டாள். அன்று பார்த்து ஏசி வேலை செய்தது. அது மிளகாய்ப் புகை அத்தனையையும் உள்ளே இழுக்க, ஜன்னலை ஏற்றிவிட்ட காருக்குள் புகை சுற்றிச் சுற்றி வந்தது. கணபதி பஸ் ஸ்டாப் தாண்டும் வரை இருவரும் இருமிக்கொண்டே போனார்கள்.

"முள்ளு... முள்ளு..." என்று இருமினார் அவர்.

"கண்ணே தெரியலீங்க, முள்ளு எங்கீங்க தெரியும்!" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் முந்தானையை நீட்டினாள். தம்பிதுரை எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

முள்ளைப் பார்க்கிறவளுக்குப் பேச்சும் வந்துவிட்டது. முதலில் முள்ளைப் பற்றி, பிறகு ரோட்டைப் பற்றி, பிறகு வேறெல்லாம்.

"புதங்கெழமையானா எனக்கு ஒரு போனு வருமுங்க," என்றாள் ஒரு நாள், பெரியநாயக்கன்பாளையத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது.

"யாரு?"

"பேரு கேக்கலீங்க. மொதல்ல ராங் நம்பர்னு வந்துச்சு. தாராபுரத்துப் பக்கமாம். அவங்க பையன் துபாய்ல இருக்கறானாமா. அப்பறம் வாராவாரம் அவங்களே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

"பேரே தெரியாதவங்ககிட்ட என்ன பேசுவே?"

"இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேப்பாங்க. நாஞ் சொல்லுவேன். அவங்களும் சொல்லுவாங்க. எட்டுல நிக்குதுங்க, பாருங்க."

தம்பிதுரை முள்ளைப் பார்க்கவில்லை. அந்தக் குழம்பைத் தினமும் சாப்பிடுகிறவர் அவர். ஒரு நாளும் கேட்டதில்லை. தாராபுரத்தில் முகம் தெரியாத ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட் திறந்து பின்னால் ஹாரன் அடித்தது.

"இன்னிக்கு என்ன கொழம்பு?" என்றார் கியர் போட்டுக்கொண்டே.

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தட்டப்பயிறுங்க," என்றாள்.

அடுத்த தடவை ஒர்க்‌ஷாப்பில் கிருபாசங்கர் டேஷ்போர்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினான்.

"ஏனுங்க ஐயா, கடியாரம் எதுக்குங்க ஒரு மணி காட்டுது?"

"அது கெட்டுப்போன கடியாரம். தெனமும் காலைல அப்படித்தான். நாந்தான் திருப்பி வெக்கறேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

"தெனமுமா? ராத்திரில பேட்டரி வயரு கியரு ஏதாச்சும் கழட்டறீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். தலைக்குள் ஒரு பல்பு எரிந்தது. கழற்றினால் மறந்துவிடும்! காரமடையில் படித்தது, பேரூரில் படித்தது, எல்லாவற்றையும் இரவோடு இரவாக அவரே அழித்திருக்கிறார். மில்லில் இப்படி ஒரு தப்பை எவனாவது செய்திருந்தால் தோலை உரித்திருப்பார்.

சொல்லிவிட்டால் போதும், நாளையோடு கார் சரியாகிவிடும். அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால், முன் சீட்டில் முத்தாத்தாள் கொய்யாக்காய் ஒன்றைக் கடித்துக்கொண்டு, என்ஜின் ஓடாதபோதும் ஒரு கடமைக்காக முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் சரியாகிவிட்டால் முள் பார்க்க ஆள் எதற்கு? அவள் சமையலறைக்குப் போய்விடுவாள், அவர் சலூனுக்குப் போய்விடுவார்.

"வயரா? அதை எதுக்கு நாங் கழட்டப் போறேன்?" என்றார் தம்பிதுரை.

கிருபாசங்கர் அவரையும் பார்த்தான், அவர் பார்த்த பக்கமும் பார்த்தான். "அப்பச் சரிங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓட்டிப் பாருங்க," என்று சொல்லிப் பானட்டை மூடினான்.

அன்றிலிருந்து தம்பிதுரை வேண்டுமென்றே கழற்றினார். கழற்றுவது அதே வேலைதான், ஆனால் இப்போது திருட்டுத்தனம் சேர்ந்துகொண்டது. பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பழைய மில் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்தார். முத்தாத்தாள் படுத்த பிறகு கழற்றுவார், அவள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போன பிறகு மாட்டுவார். கடிகாரத்தையும் மறக்காமல் திருத்திவிடுவார். பிறகு ஒன்றும் அறியாத பிள்ளையாகச் சாவியைத் திருப்பி, கார் நடுங்கியதும், "அட கெரகமே!" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னிக்கும் மறந்துபோச்சுங்களா?" என்பாள் அவள். கையில் தயிர்சோற்று டப்பா ஏற்கெனவே தயாராக இருக்கும்.

மருதமலை போனார்கள். சிறுவாணி போகிற ரோட்டில் பாதி தூரம் போனார்கள். ஒரு நாள் மாவு மில்லுக்குப் போய்வந்தவளின் பையை வாங்கப் போனபோது மட்டும், "வேண்டாமுங்க, நானே கொண்டாரேன்," என்று பிடுங்காத குறையாக இழுத்துக்கொண்டாள். அரிசி மாவுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று அவர் ஆச்சரியப்பட்டார், பிறகு மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தீபக்கின் போன் வந்தது. தம்பிதுரை குளியலறையிலிருந்து வரும்போது முத்தாத்தாள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அதையேங் கண்ணு கேக்கறே? உங்கப்பாவுக்கு அந்தக் காரு ஒரு ரோதனை. தெனமும் விடிஞ்சா என்னைய இழுத்துட்டுத் திரியறாரு. உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு."

தம்பிதுரை ஈரத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். போனை அவரிடம் கொடுத்தாள். "அப்பா, எதுக்கு அம்மாவை இந்தப் பாடு படுத்தறீங்க?" என்றான் தீபக், அமெரிக்காவிலிருந்து. "இந்த வாரத்துக்குள்ள சரியாகலீன்னா என் ஃபிரண்டு கிட்டச் சொல்லி வித்துரலாம். வேணுங்கறப்ப டாக்ஸி வெச்சுக்குங்க."

"சரி," என்றார் அவர்.

அன்று பகல் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் தனிமைக்காக ஒருத்தியின் இடுப்பை ஒடித்திருக்கிறோம். அவள் சிரித்ததும் பேசியதும் பாவம், புருஷன் கூப்பிடுகிறானே என்று பொறுத்துக்கொண்டதாகத்தான் இருக்கும். தனக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு வலித்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. குழம்பைக் கேட்காதது போலவே.

முடிவு செய்துவிட்டார். கார் படிக்கட்டும். படித்துத் தேறட்டும். நாளைக்குச் சாவியைத் திருப்பினால் பஞ்சு மாதிரி ஓடும். 'இனி நீ வர வேண்டியதில்லை அம்முணி, போய் ஓய்வெடு' என்று சொல்லிவிட வேண்டியதுதான். அன்று டிவி பிளக்கைப் பிடுங்கினார், கேஸை மூடினார், பிரிட்ஜை அணைத்தார், மோட்டாரை இறக்கினார். போர்ட்டிகோப் பக்கம் போகவே இல்லை. பூட்ஸுக்குள் ஸ்பேனர் அப்படியே கிடந்தது. படுத்ததும், அடுத்த அறையில் யாரோ செத்துப்போனதுபோல் துக்கமாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனார்.

காலையில் கடைசி தடவையாக என்று நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

கார் நடுங்கியது. எப்போதையும்விட நன்றாக நடுங்கியது. கடிகாரம் ஒரு மணி என்றது.

இறங்கி ஓடிப்போய்ப் பானட்டைத் திறந்தார். பானட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ மாவு ஒட்டியிருந்தது, துண்டால் துடைத்துவிட்டார். வயர் இருந்த இடத்தில் கெட்டியாக இருந்தது. அசைத்துப் பார்த்தார், அசையவில்லை.

"இன்னிக்கும் மறந்துபோச்சுங்களா?" என்று குரல் கேட்டது. முத்தாத்தாள் குளித்து, பூ வைத்து, தயிர்சோற்று டப்பாவோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்முணி, இடுப்பு வலின்னு சொன்னியே..."

"அது கெடக்குதுங்க. முள்ளை யாரு பாக்கறது?"

இவ்வளவு நாளும் இல்லாத நோயை உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்; இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. தீபக் விற்றுவிடுவான். நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினார். முத்தாத்தாளைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, கிருபாசங்கரை ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"கண்ணு, உங்கிட்ட ஒரு பொய் சொல்லிப்போட்டேன். இத்தன நாளா வயரைக் கழட்டுனது நாந்தான். எதுக்குன்னு கேக்காதே. ஆனா நேத்துச் சத்தியமாக் கழட்டலை. தொடவே இல்லை. இருந்தும் மறந்துபோச்சு. இது நெசமான ரிப்பேரு. எப்படியாச்சும் இந்த வாரத்துக்குள்ள..."

கிருபாசங்கர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தான். முன் சீட்டில் முத்தாத்தாள் அணைந்து கிடந்த முள்ளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றான் அவன். "என்னைக்காச்சும் நீங்க கழட்ட மறந்துட்டா ஒதவுமுன்னு, மாவரைக்க வந்தப்பவே அம்மா எங்கிட்ட ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் வாங்கிட்டுப் போயிட்டாங்க."